இரண்டு கேமராவுக்கு ஒரு ஃபுல் ஃப்ரேம்

கேமராக்காரர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் அங்கே போட்டோவைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள். இது தெரிந்துகொள்ள அவளுக்குக் கல்யாணமான முதல் வருஷமே போதுமானதாக இருந்தது. எந்தக் கேமரா பாடி, எந்த லென்ஸ், யார் எதைத் தள்ளிவிட்டு எதை வாங்கினான், விடிந்தால் அடைந்தால் இதே பேச்சு. ஒருத்தன் ஆசையாகத் தான் எடுத்த படத்தை நீட்டினால் அடுத்தவன், "என்ன லென்ஸ்?" என்பான். படத்தில் இருக்கிற மனுஷன் சிரிக்கிறானா அழுகிறானா என்று ஒருத்தனும் பார்க்கமாட்டான். கருமம், கருமம் என்று அவள் மனசுக்குள் தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தக் கூட்டத்தில் அவள் கணவரும் ஒருத்தர். தொழிலில் அவருக்கு 'முன்வரிசை' என்று பட்டப்பெயர். எந்த விழாவானாலும் மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசை நாற்காலிகளுக்கும் முன்னால், வந்திருக்கிற அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பின்னாலிருந்து யாராவது, கொஞ்சம் தள்ளுங்க சார் என்றால் அது காதிலேயே விழாது. ஆட்களை வரிசையாக நிறுத்தி, தாடையைத் தூக்கச் சொல்லி, மூச்சைப் பிடிக்க வைத்து எடுப்பார். அந்தப் படங்களைப் பார்த்தால் ஏதோ குடும்பத்தோடு கைதாகி வந்தவர்கள் மாதிரி இருக்கும்.

அவள் இடம் பின்னால். கடைசி வரிசைக்கும் பின்னே, ஏதாவது ஒரு தூணை ஒட்டி நின்றுகொள்வாள். தூரத்து முகத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வருகிற நீள லென்ஸ் அவளுடையது. யாராவது கேமராவைப் பார்த்துவிட்டால் பொத்தானை அழுத்தவே மாட்டாள். அவர்கள் மறந்துபோய்த் தங்கள் காரியத்தைப் பார்க்கிற வரைக்கும், கால் கடுத்தாலும் சரி, காத்துக்கொண்டு நிற்பாள். அப்படி எடுத்தவைதான் வாடிக்கையாளர்கள் ஆல்பத்துக்குப் பொறுக்கியெடுக்கிற படங்களில் முக்கால்வாசியும். மாமியார் முகத்தைத் துடைத்துவிடுகிற மருமகள், மேடையில் பேசுகிற பையனைப் பார்த்து உதட்டை அசைக்கிற அப்பா, இப்படி.

வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக வைத்துக்கொள்வார்கள். அப்போதுதான் கம்ப்யூட்டரில் கொட்டும்போது அவர் எடுத்ததும் அவள் எடுத்ததும் நேரப்படி கலந்து, ஒரே ஆள் எடுத்த மாதிரி வரிசையாக நிற்கும். எது யாருடையது என்று வெளியாட்கள் தலைகீழாக நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது. ரொம்ப வசதியான ஏற்பாடு. யாருக்கு வசதி என்று யோசிக்கத்தான் அவளுக்கு இத்தனை காலம் ஆகிவிட்டது.

கேமராக்கள் இரண்டும் கிழடு தட்டிப்போயிருந்தன. பிடி ரப்பர் உரிந்து தொங்கியது. அவளுடையதில் பொத்தான் அழுந்தினால் எழுந்துவர மறுக்கும், நகத்தால் நெம்பிவிடுவாள். வெளிச்சம் குறைந்த ஹாலில் எடுத்தால் முகமெல்லாம் ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியாக வரும். மாற்றியே ஆகவேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டையில்லை. எதை வாங்குவது என்பதில்தான் வந்தது வினை.

விஷயம் இவ்வளவுதான். கேமராவுக்குள்ளே வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிற ஒரு தகடு இருக்கிறது, சென்சார் என்பார்கள். அது பெரிசாக இருந்தால் ஃபுல் ஃப்ரேம், கொஞ்சம் சின்னதாக இருந்தால் கிராப். பெரிய ஜன்னலில் வெளிச்சம் அதிகம் வரும் இல்லையா, அதேபோல ஃபுல் ஃப்ரேமுக்கு இருட்டு ஹாலில் திணறல் குறைவு, அகலமாகவும் அள்ளும். கிராப்போ ஓரத்தை வெட்டிவிட்டு நடுவை மட்டும் எடுப்பதால், அதே லென்ஸில் தூரம் இன்னும் கிட்ட வரும். எடையும் விலையும் குறைவு. இரண்டுமே நல்ல சாமான்தான். அவரவர் வேலைக்கு எது தோதோ அதை வாங்கிக்கொண்டு போகவேண்டியது, அவ்வளவுதான்.

அவள் கணக்கு தெளிவாக இருந்தது. புது கிராப் பாடி இரண்டு வாங்கிக்கொள்வோம், பழசிலிருந்து இப்போது எவ்வளவோ முன்னேறியிருக்கிறது, கையில் இருக்கிற லென்ஸ்களும் அப்படியே பொருந்தும், நம்முடையது இரண்டு ஆள் வேலை என்றாள். ஃபுல் ஃப்ரேம் வேண்டாம் என்றுகூட அவள் சொல்லவில்லை. அதற்குத் தகுந்த லென்ஸோடு இரண்டு பேருக்கும் வாங்க முடிகிற அன்றைக்கு வாங்கலாம் என்றாள். அவர் தலையைத் தலையை ஆட்டினார். ஆட்டின தலையை அப்படியே தூக்கிக்கொண்டு சாயங்காலம் டீக்கடைக்குப் போனார்.

அந்த டீக்கடையில்தான் தொழில்காரர்கள் கூடுவது வழக்கம். கிராப் கேமராவுக்கு அங்கே 'குட்டி' என்று பெயர். "இன்னும் குட்டியிலேயே ஓட்டுறீங்களா?" என்று நேற்று மீசை முளைத்தவன்கூடக் கேட்பான். கேட்கிறவன் கேமரா தவணையில் வாங்கினது, பாதிப் பேருக்கு வேலையே கிடையாது, ஆனாலும் பந்தாவுக்குக் குறைச்சலில்லை. ஒரு முறை அவரைக் கூட்டிவர அங்கே போன அவள், அந்தப் பெரிய மனிதர்கள் தங்கள் கேமராக்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். ஒருத்தருடையதை ஒருத்தர் வாங்கித் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர் மட்டும் தன் கேமராவை மேஜைமேல் வைக்காமல் மடியில் மறைத்து வைத்திருந்தார். அதைப் பார்த்தபோது அருவருப்புக்கு நடுவிலும் பாவமாக இருந்தது.

கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். குடி கிடையாது, கைநீட்டினது கிடையாது. கனமான பை எதையும் அவளைத் தூக்க விடமாட்டார். நாலு பேர் நடுவில் சின்னவனாகத் தெரிந்துவிடக் கூடாது என்ற ஒரு பயம்தான். அந்த ஒரு பயத்துக்கு ஒரு மனுஷன் எதையெல்லாம் காவு கொடுப்பான் என்பதைப் பார்க்கிறபோதுதான் சீ என்று ஆகிறது.

ஒரு நாள் அவர் பெரிய அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். குழந்தையை இறக்குகிற மாதிரி மெதுவாக மேஜையில் இறக்கினார். அவள் பெட்டியைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். அலமாரியில் லென்ஸ்கள் மட்டும் இருந்தன.

"ரெண்டையும் மாத்திட்டேன். இனிமே நமக்கு ஒண்ணே போதும். ஃபுல் ஃப்ரேம்."

"அப்ப எனக்கு?"

"நீ லைட்டைப் பிடி. தெரியுமா, லைட்டிங்தான் எல்லாமே."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குற்றம் செய்த களை கொஞ்சமும் இல்லை. பதவி உயர்வு கொடுப்பவர் மாதிரிதான் சொன்னார். தினம் நெற்றியில் அழுந்தி, கண்ணோடு ஒட்டிக்கிடந்த ஒரு சாமானை, ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்ததாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புது லென்ஸ் வாங்கக் கையில் இருந்தது போதவில்லை. பழைய லென்ஸே பொருந்தும் என்று கேமராவை மாற்றிக் கொடுத்த கடைக்காரர் சொல்லியிருந்தார். பொருந்தியது. டக்கென்று ஒரு சத்தத்தோடு அழகாகப் போய் உட்கார்ந்தது. இவரும் மனசு குளிர்ந்து போனார்.

முதல் வேலை ஒரு பல் டாக்டர் வீட்டில். அவருடைய அப்பா அம்மாவின் ஐம்பதாவது திருமண நாள். டாக்டர் இவர்களைத் தேடி வந்ததற்குக் காரணமே ஒரு போட்டோதான். தெரிந்தவர் வீட்டு ஆல்பத்தில், பொக்கை வாய் தெரிந்துவிடாமல் கையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிற ஒரு கிழவரின் படத்தைப் பார்த்திருக்கிறார். அதே மாதிரி எங்க அப்பாவையும் ஒண்ணு எடுத்துக் குடுங்க, கிளினிக்ல பெரிசா மாட்டணும் என்று கேட்டார். அந்தக் கிழவர் கையை வாய்க்குக் கொண்டுபோவதற்காக அவள் தூணோடு தூணாக நின்ற நிற்பு அவளுக்குத்தான் தெரியும்.

"அது நான் எடுத்ததுதான் டாக்டர். பண்ணிடலாம்" என்றார் முன்வரிசை.

அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், கையில் லைட்டோடு. வேண்டுமென்றே சொன்ன பொய்யாக இருந்தால்கூட ஒரு கணம் குரல் தடுக்கியிருக்கும். தடுக்கவில்லை. கலந்து கலந்து நின்ற படங்களைப் பார்த்துப் பார்த்து அவரே அதை நம்பிவிட்டிருந்தார். அவளுக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது.

விழா முழுக்க லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே நகர்ந்தாள். இன்னும் மேலே, கொஞ்சம் இடது பக்கம், அசையாதே என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தார். பெரியவர் ஒரு தடவை தன் மனைவியின் காதோரம் எதையோ சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் விரல் லைட்டின் பிடியை அழுத்தியது. அந்த நேரத்தில் முன்வரிசை மேஜை அலங்காரத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

படங்களை டீக்கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். ஒரே பாராட்டாம். ஃபுல் ஃப்ரேம் என்றால் அந்தக் களையே தனி, முகத்திலேயே தெரிகிறதே என்றார்களாம். புகழ்ச்சியைக் கேட்டு ஒரு சுற்றுப் பெருத்துப்போய் வீட்டுக்கு வந்தார். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டாக்டரின் சுவர்ப்படத்துக்காக அப்பாவின் முகத்தைப் பெரிசாக்கிப் பார்த்தால், கண்ணிமையெல்லாம் கரைந்து கஞ்சியாக நின்றது. அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு படத்தின் அளவைப் பார்த்தாள். விற்றுத்தொலைத்த கிழட்டுக் கேமராகூட இருபது மெகாபிக்சலுக்குக் குறையாமல் தரும். இந்த ராஜாதி ராஜா கொடுத்திருந்தது பத்து.

லென்ஸ் கிராப்புக்காகச் செய்தது. அதை மாட்டினால் ஃபுல் ஃப்ரேம் கேமரா தானாகவே ஓரங்களை வெட்டிவிட்டு, நடுவில் இருக்கிற துண்டை மட்டும் பயன்படுத்தும். அதாவது இரண்டு குட்டியைக் கொடுத்து வாங்கின பெரியது, குட்டியாகவே வேலை பார்த்திருக்கிறது, அதைவிடக் கேவலமாகவும். டீக்கடையில் அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு பாராட்டினது இதைத்தான்.

சொன்னாள். முதலில் பிரிண்ட் போடுகிற இடத்தில் தப்பு என்றார். இன்னும் பிரிண்ட்டுக்கே போகவில்லை என்றாள். அப்படியானால் கம்ப்யூட்டர் பழசு என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, நீ லைட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றார். அவள் கேமராவை எடுத்துவந்து, திரையின் மூலையில் இருந்த சின்னக் குறியைக் காட்டினாள். வெட்டித்தான் எடுக்கிறேன் என்று அது விழா முழுக்க அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பேட்டரி சம்பந்தமான ஏதோ குறி என்று நினைத்தாராம். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதே, என்ன?" என்றார்.

டாக்டருக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கேட்கவில்லை. நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது என்றும் சொல்லவில்லை. டீக்கடைக்குத் தெரிந்துவிடக் கூடாது, அதுதான் கவலை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட வரவில்லை. குளியலறைச் சல்லடையில் சேர்ந்த முடியைக் கையால் எடுக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு அருவருப்புத்தான் வந்தது.

சுவர்ப்படத்தைச் சின்ன அளவில் போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டரிடம் அவளேதான் பேசினாள். அவர் நல்ல மனுஷன், சரி என்றார். ஆனால் அந்தக் கிழவர் படத்தில் இருந்த உயிர் இதில் இல்லையே, அன்றைக்கு சார் களைப்பாக இருந்தாரோ என்று வருத்தத்தோடு கேட்டார். ஆமாம் என்றாள். ஏன் ஆமாம் என்றோம் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்து பார்த்தால் அலமாரியில் நீள லென்ஸ் இல்லை. அவருக்குப் புது லென்ஸ் வேண்டும். அதற்காக இதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்திருக்கிறார். அவர் வேறு வேலையாக வெளியே போயிருந்தார். அவள் செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பி நேரே அந்தக் கேமராக் கடைக்குப் போனாள்.

கடை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே விளக்குப் போட்டு, தங்கம் மாதிரி கேமராக்களை உட்காரவைத்திருந்தார்கள். அவளுடைய பழைய கேமராவும் அதில் இருந்தது. உரிந்த ரப்பரை ஒட்டிப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் அதை ஒரு புதுமணத் தம்பதிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"தைரியமா எடுத்துக்குங்க. வீட்டு உபயோகம். ஒரு அம்மா சும்மா பொழுதுபோக்குக்கு வச்சிருந்தாங்க, அதிகமா தொடவே இல்லை."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்ததும் வாங்க அண்ணி என்று வாய் நிறையச் சிரித்தார். அந்த அம்மா இவள்தான் என்று தெரிந்தும் அவர் முகத்தில் கூச்சமே இல்லை. எத்தனை வருஷமாக அந்தக் கேமரா தேய்ந்து தேய்ந்து இதே கடைக்குப் பழுது பார்க்க வந்திருக்கிறது. அவள் தம்பதியைப் பார்த்து, இது ராப்பகலா தொழில்ல ஓடின கேமரா, பொத்தான் ஒட்டிக்கும், யோசிச்சு வாங்குங்க என்றாள். அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டு மெல்ல நழுவினார்கள்.

கடைக்காரருக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. "என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க? அண்ணன்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தாரு. நீங்க வீட்ல சும்மா வச்சிருந்ததுன்னு."

"நான் சும்மா வச்சிருந்தேனா?"

"எனக்கென்ன தெரியும் அண்ணி? நீங்க போட்டோ எடுப்பீங்களா?"

நக்கலாகக் கேட்டிருந்தால் அவள் பதிலுக்குக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அவள் லென்ஸைக் கேட்டாள். அண்ணன் வந்து சொன்னால் கொடுத்துவிடுகிறேன், கொடுத்தது அவர்தானே என்றார். அதுவும் நியாயம்தான். கேமரா அவர் கொடுத்தது, லென்ஸ் அவர் கொடுத்தது, படமெல்லாம் அவர் எடுத்தது. இவ்வளவு வருஷம் அங்கே அவள் என்ற ஒருத்தி இருந்தாள் என்பதற்கு அந்தத் தூண்கள்தான் வந்து சாட்சி சொல்லவேண்டும்.

கடை வாசலில் நின்றுகொண்டே குடைக்காரருக்குப் போன் செய்தாள். குடைக்காரர் இந்தத் தொழிலில் இவர்களுக்குப் போட்டி. லைட்டுக்கு வெள்ளைக் குடைகளை விரித்துவைத்துக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர். அவரொன்றும் தங்கமான மனிதர் இல்லை. வேலை நடக்கும்போது உதவியாளர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். பக்கத்தில் நின்றால் புகையிலை வாடை ஆளைத் தூக்கும். பின்னாலிருந்து எடுக்கிற ஆட்கள் யாரும் அவரிடம் தங்குவதில்லை, அதனால் எப்போதும் ஆள் தேடிக்கொண்டிருப்பார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

"ரெண்டாவது கேமராவுக்கு ஆள் வேணுமாண்ணே? நான் வரேன்."

குடைக்காரர் எதிர்க்கேள்வி போட்டார். "உங்க வீட்டுக்காரர் போடுற ஆல்பத்துல தூரத்துலேர்ந்து எடுக்கிறது யாரும்மா? நீயா?"

"ஆமாண்ணே. நான்தான்."

வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. குடைக்காரர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. தன்னிடம் கிராப்தான் ஒன்று உபரியாக இருக்கிறது, பரவாயில்லையா, நாளைக்குக் காலையிலேயே வேலை, வண்டி வாசலுக்கு வரும், தாமதம் பண்ணினால் எனக்குப் பிடிக்காது என்று பொரிந்து தள்ளிவிட்டு வைத்தார்.

மறுநாள் காலை முன்வரிசை ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்காகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். புது லென்ஸ் வந்திருந்தது. அதன் மூடியைக் கழற்றுவதும் துணியால் ஒற்றுவதும் திரும்ப மூடுவதுமாக இருந்தார். அவள் தலை வாரிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"நான் இன்னிக்கு உங்ககூட வரலைங்க. குடைக்காரர்கிட்ட ரெண்டாவது கேமராவுக்குப் போறேன். இனிமே அங்கதான்."

அவர் கை நின்றது. அவள் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். அவன்கிட்டயா போறே என்று கத்தலாம். என் மானம் போயிடும் என்று அழலாம். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லலாம், ஒருவேளை அழுகைகூட வரலாம் என்று நினைத்திருந்தாள். அவர் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். மூலையில் சாய்த்து வைத்திருந்த லைட்டின்மேல் அவர் பார்வை போய் நின்றது.

"அப்ப லைட்டை யார் பிடிக்கிறது?"

அவ்வளவுதான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவருக்குக் கேட்கத் தோன்றிய கேள்வி அது ஒன்றுதான். வாசலில் குடைக்காரரின் வண்டி ஹார்ன் அடித்தது.

"அதுக்கு ஸ்டாண்டுன்னு ஒண்ணு விக்கிறாங்க. வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் போய் ஏறினாள்.